டிஎஸ்ஓவை நிறுத்தினால் நெட்வொர்க் வேகம் கூடுவது ஏன்?

இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொடங்கியது 1972-ல். அதே இன்டெல்லின் ஐ219 நெட்வொர்க் சிப் எத்தனையோ அலுவலகக் கணினிகளின் தாய்ப்பலகையில் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் அதன் கதையை அறிந்துகொள்வது நல்லது.

கோப்பு எவ்வளவு பெரிதானாலும் கம்பியில் வழக்கமாக 1,500 பைட் பொட்டலங்களாகத்தான் போக வேண்டும். அப்படி நறுக்குவது முன்பு பிராசஸரின் வேலை. டிஎஸ்ஓ (டிசிபி செக்மென்டேஷன் ஆஃப்லோட்) வசதி இருந்தால், ஏறக்குறைய 64 கிலோபைட் துண்டை அப்படியே கார்டிடம் தள்ளிவிடலாம். நறுக்குவது, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு ஒட்டுவது எல்லாம் கார்டின் பொறுப்பு. விண்டோஸில் இதற்கு 'லார்ஜ் சென்ட் ஆஃப்லோட்' என்று பெயர்.

ஐ219-ல் சிக்கல் வேறு இடத்தில் தொடங்கியது. புதிய சிப்செட்டுகளில் நினைவகத்திலிருந்து தரவு முன்பைவிட விரைவாக வந்துசேர, சிப்பின் தாங்ககம் நிரம்பி வழிந்தது. யுடிபி நெரிசலின்போது கேபிளைப் பலமுறை கழற்றி மாட்டினால் அனுப்பும் பகுதி அப்படியே உறைந்துபோகும். ரீபூட் செய்தால்தான் மீளும். 2017-ல் லினக்ஸ் டிரைவரில் நினைவக அணுகலைச் சற்று மெதுவாக்கி உறைவதைத் தடுத்தார்கள். அதற்கு விலையாக வேகத்தில் சுமார் 30 விழுக்காடு போயிற்று. டிஎஸ்ஓவை நிறுத்தினால் இழந்த வேகம் திரும்பும், பிராசஸருக்கும் பெரிய சுமை இல்லை என்று அந்தத் திருத்தத்தின் குறிப்பே சொன்னது. 2020-ல் டிஎஸ்ஓவை இயல்பாகவே நிறுத்திவைக்க முயன்றார்கள், அது பலிக்கவில்லை. லினக்ஸ் 5.8 முதல் ஐ219-எல்எம் கார்டுகள் 60 விழுக்காடு வேகத்தில் தவழ்ந்தன. டிரைவர் ஏறும்போதே டிஎஸ்ஓவை அணைக்கும் திருத்தம் 2023-ல்தான் வந்தது.

இத்தனை காலமும் கேபிளையும் சுவிட்சையும் சந்தேகித்து மாற்றியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நம்பகமில்லாத வசதியை அணைத்து வைக்க வேண்டியது டிரைவர் எழுதுபவரின் கடமை. அதைக் கண்டுபிடிக்கும் பாரத்தைப் பயனர் தலையில் ஏற்றக் கூடாது.

உங்கள் கணினியில் பார்க்க, 'ஈத்டூல்' கட்டளையைச் சிறிய கே விருப்பத்துடன் ஓட்டுங்கள். 'டிசிபி செக்மென்டேஷன் ஆஃப்லோட்' வரியில் 'ஆன்' என்றிருந்தால், பெரிய கே விருப்பத்தால் அணைத்து, ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் கருவியில் முன்னும் பின்னும் வேகத்தை அளந்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு வசதியை மட்டும் அணையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அணைத்தால் குற்றவாளி எது என்று தெரியாது. 10 கிகாபிட் சர்வரில் காரணமில்லாமல் கை வைக்காதீர்கள், அங்கே பிராசஸர் திணறும். ரீபூட் ஆனால் இந்த மாற்றம் மறைந்துவிடும் என்பதால், பலன் தெரிந்த பிறகு நெட்வொர்க் அமைப்புக் கோப்பிலும் எழுதி வையுங்கள்.