தரையில் வரைந்த படிக்கட்டு

படியில் தயங்காமல் இறங்கும் கால், சமதரையில் உறைந்து நிற்குமா? நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் இவ்விந்தையைக் காணலாம். மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால், தானாக நிகழவேண்டிய நடை தடைப்படுகிறது. ஆனால், ஒவ்வோர் அடிக்கும் கண்ணெதிரே ஒரு குறி இருந்தால் சிலருக்குக் கால் நகர்கிறது.

புனேயைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மிலேகா சோனேஜி, தம் உறவினர் ஒருவரிடம் இதைக் கவனித்தார். படிக்கட்டுப் படத்தைத் தரையில் விரித்தார், அவர் நடந்தார்! சிந்திவிடுமென்று வெட்கி, பிறர்முன் காப்பி குடிப்பதையே விட்டிருந்த அவருக்காக, விளிம்பு உள்வளைந்த கோப்பையும் செய்தார். கை நடுங்கினாலும் பானம் உள்ளேயே திரும்பும். இவற்றை 2015இல் ஓர் உரையில் விளக்கினார்.

இவை நோயைத் தீர்ப்பதில்லை. ஒதுங்கியவரைச் சபைக்கு அழைத்து வருகின்றன. உங்கள் தாத்தாவின் கால் தரையில் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். சுண்ணக்கட்டியால் குறுக்குக் கோடுகள் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, “பாண்டி ஆடலாமா, தாத்தா?” என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே அடியெடுத்து வைக்கக்கூடும்.