மடியில் வெந்நீர், முதுகில் எரிமலை!

வெந்நீரில் குளிப்பதற்காக யாராவது கடல் கடந்து போவார்களோ என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன், டோயா ஏரியைப் பார்க்கும் வரையில்!

ஜப்பானின் வட கோடியில் உள்ள ஹொக்கைடோ தீவில், ஸப்போரோ நகரிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரப் பிரயாணம். பிறகு பஸ். மேட்டில் ஏறி இறங்கியதும் கண்ணெதிரே ஏரி விரிகிறது. ஏறக்குறைய வட்டமான ஏரி. குறுக்களவு சுமார் 10 கிலோ மீட்டர். நடுவில் மரம் அடர்ந்த தீவுகள். லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரம்மாண்டமான எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் இது. கடுங்குளிரிலும் உறைவதில்லை. இதன் தென்கரையில் இருக்கிறது டோயாகோ ஆன்ஸென் என்னும் ஊர். 'ஆன்ஸென்' என்றால் வெந்நீர் ஊற்று.

விடுதியில் பெண்களுக்குத் தனிக் குளியலறை உண்டு. ஆனால் நம் சகோதரிகளுக்கு ஒரு சோதனையும் உண்டு: உடுத்திய துணியோடு தொட்டியில் இறங்கக் கூடாது! வெட்கத்தில் கால் மணி நேரம் வாசலிலேயே நின்றேன். உள்ளே பாட்டிமார்களும் பேத்திகளும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு நன்றாகக் குளித்து, கூந்தலைத் தூக்கி முடிந்துகொண்ட பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். அழுக்குப் போக்க அல்ல, அலுப்புப் போக்கத்தான் அந்தத் தண்ணீர். ஒரு வாரத்து நடை வலி பத்தே நிமிஷத்தில் பறந்தது!

குளித்ததும் 'யுகாடா' என்ற பருத்தி அங்கியை அணிந்து வெளியே வந்தேன். பணிப்பெண் பதறி ஓடி வந்து, இடப்பக்கத் தலைப்பை மேலே வைத்து மாற்றிக் கட்டிவிட்டாள். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறையாம்!

இந்த வெந்நீர் எப்படி வந்தது? ஊருக்குப் பின்னால் நிற்கும் உஸு எரிமலை கொடுத்த சீதனம் அது. 1910-ல் மலை பொங்கிய பிறகு ஏரிக்கரையில் வெந்நீர் ஊறியது. 1917-ல் இங்கே வெந்நீர் விடுதி தொடங்கியது.

கொடுத்த மலை சும்மா இருக்கவில்லை. 1943 கடைசியில் பூமி குலுங்கத் தொடங்கியது. 1944-ல் கோதுமை வயல் வெடித்தது. 1945-க்குள் அங்கே ஒரு புது மலையே எழுந்துவிட்டது. 'ஷோவா ஷின்ஸான்' என்ற அதன் உயரம் இன்று 398 மீட்டர். யுத்த காலம், அரசாங்கம் செய்தியை வெளியே விடவில்லை. உள்ளூர் போஸ்ட் மாஸ்டர் மிமாட்ஸு மஸாவோ, கிடைமட்டமாக நூல்களைக் கட்டி, மலை வளர்ந்த விதத்தைக் கோடு கோடாக வரைந்து வைத்தார். 1948-ல் ஆஸ்லோவில் கூடிய எரிமலை நிபுணர்கள் அந்தப் படத்தைக் கண்டு வியந்தார்கள். நிலத்தை விலைக்கு வாங்கி மலையையும் காப்பாற்றினார் அவர்!

1977-ல் மீண்டும் வெடிப்பு. மறு வருஷம் சேற்று வெள்ளம் மூன்று பேரைப் பலி கொண்டது. இனி எங்கே ஆபத்து என்று காட்டும் வரைபடம் வேண்டும் என்று நிபுணர்கள் சொன்னபோது, விருந்தாளிகள் வராமல் போவார்களே என்று ஊரில் பலர் அஞ்சினார்கள். விருந்தாளியை நம்பிப் பிழைக்கும் ஊர் அல்லவா? ஆனாலும் 1995-ல் வரைபடம் வீடு வீடாகப் போயிற்று.

ஐந்தே வருஷத்தில் பலன் தெரிந்தது. 2000 மார்ச் 27 முதல் நில அதிர்ச்சி. வெடிக்குமுன் பூமியை அசைத்து எச்சரிப்பது உஸுவின் வழக்கம். 'பொய் சொல்லாத மலை' என்று அதற்குப் பெயர். பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் முன்கூட்டியே வெளியேறினார்கள். 31-ந் தேதி ஊரை ஒட்டியே மலை வெடித்தது. பாலம் ஒன்றைச் சேறு அடித்துக்கொண்டு போய் ஒரு குடியிருப்பின் மேல் மோதியது. பொதுக் குளியல் விடுதி சேற்றில் புதைந்தது. ஆனால் ஓர் உயிர் கூடப் போகவில்லை!

அந்தக் கட்டிடங்களை இடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். யாரோ ஒருத்தி சமைத்து, துணி உலர்த்தி, குழந்தையைத் தூங்க வைத்த வீடுகள்! நெஞ்சு கனத்தது.

1910, 1943, 1977, 2000. கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த தவணை வெகு தூரத்தில் இல்லை. அது ஊராருக்கும் தெரியும். இருந்தும் மாலையில் கரையோரத்து வெந்நீர்த் தொட்டியில் கால்களை நனைத்தபடி தாய்மார்கள் கதை பேசுகிறார்கள். அது அசட்டுத் துணிச்சல் அல்ல. மலை பேசும்போது காது கொடுத்துக் கேட்கவும், கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பவும் கற்றவர்களின் நிம்மதி.

நானும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கால்களை நனைத்தேன். வெந்நீர் இதமாகத்தான் இருந்தது.