ஆட்டுப்பாலில் ஒளிந்திருந்த காய்ச்சல்

மத்தியதரைக் கடலின் நடுவே மால்டா என்னும் சிறு தீவு உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பிரிட்டிஷாரின் கடற்படைத் தளமாக விளங்கியது. அங்குப் பணியாற்ற வந்த படைவீரர்களை ஒரு விநோதமான காய்ச்சல் வாட்டியது. காய்ச்சல் சில நாள்கள் ஏறும், பிறகு இறங்கும், குணமாகிவிட்டது என்று நினைக்கும்போது மீண்டும் ஏறும். கூடவே இரவில் ஆடை நனையும் அளவுக்கு வியர்வை, மூட்டுவலி, சோர்வு. பலர் மாதக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடந்தனர். சிலர் இறந்தும் போயினர்.

டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர், இறந்த வீரர்களின் மண்ணீரலை ஆராய்ந்து, அதில் ஒரு நுண்ணுயிர் இருப்பதை 1887இல் அறிவித்தார். பின்னாளில் அவர் பெயராலேயே அது ‘புரூசெல்லா’ என அழைக்கப்பட்டது. கிருமி கிடைத்துவிட்டது, ஆனால், அது மனித உடலுக்குள் எப்படி நுழைகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. கெட்ட காற்று, அழுக்கு நீர், கொசு எனப் பலவற்றின்மீதும் ஐயம் எழுந்தது.

விடை தெரிய மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1905இல் மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமி சாமிட், ஆறு ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். அவற்றுள் ஐந்து ஆடுகளின் இரத்தம், அவை ஏற்கெனவே அக்கிருமியால் தாக்கப்பட்டவை என்று காட்டியது. (இதே சாமிட் பிற்காலத்தில் தொல்லியல் அறிஞராகவும் புகழ் பெற்றார்.) தொடர்ந்து நடந்த சோதனைகளில், தீவின் ஆடுகளில் ஏறக்குறைய பாதி கிருமி தாக்கியவை என்றும், பத்தில் ஓர் ஆடு பாலின்வழி கிருமியை வெளியேற்றுகிறது என்றும் தெரியவந்தது.

மால்டா மக்களுக்கு இது பேரதிர்ச்சி. அங்கே பால்காரர் ஆட்டு மந்தையை வீதி வீதியாக ஓட்டி வந்து, வாசலிலேயே பால் கறந்து கொடுப்பார். கண்ணெதிரே கறந்த பால் தூய்மையானது என்றே எல்லாரும் நம்பினர். ஆடுகளும் நோயின் அறிகுறி இல்லாமல் கொழுகொழுவென்று இருந்தன. 1906இல் படைவீரர்களின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டது. அவர்களிடையே காய்ச்சல் விரைவில் ஏறத்தாழ மறைந்தது. ஆனால், ஆட்டையே நம்பிப் பிழைத்த ஊர்மக்கள் அந்தப் பாலை எப்படி விடுவார்கள்? அவர்கள் தொடர்ந்து குடித்தனர், தொடர்ந்து நோயுற்றனர்.

இக்கிருமி உடலுக்குள் செய்யும் வேலைதான் மிகவும் வியப்பூட்டுவது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள புரூசெல்லாவிடம், காலராக் கிருமியிடம் உள்ளதைப் போன்ற நச்சு இல்லை. அதன் ஆயுதம் ஒளிந்துகொள்ளும் திறனே. நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள காவல் அணுக்கள், அயல் கிருமிகளை விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்து, செரிக்கும் நொதிகளைப் பாய்ச்சிக் கொல்லும். புரூசெல்லாவையும் அவை விழுங்குகின்றன. ஆனால், நொதிகள் முழுமையாக வந்து சேராதபடி அது தடுத்துவிடுகிறது. பிறகு, உயிரணு தன் புரதங்களை உருவாக்கும் பகுதிக்கே அந்தப் பை நகர்ந்து செல்கிறது. அங்கே கிருமி பாதுகாப்பாகப் பெருகுகிறது. காவலர் வீட்டிலேயே திருடன் குடியிருப்பது போன்ற நிலை இது! அந்த அணுக்களிலேயே பயணம் செய்து மண்ணீரல், கல்லீரல், எலும்பு மச்சை ஆகியவற்றை அது அடைகிறது. காய்ச்சல் விட்டுவிட்டு வருவதற்கும் இந்த ஒளிவிளையாட்டே காரணம்.

ஆடு மாடுகளில் இது வேறு வகையில் தொல்லை தருகிறது. சினையுற்ற கால்நடைகளின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்னும் ஒருவகைச் சர்க்கரை நிறைந்திருக்கும். அதை உண்டு கிருமி வேகமாகப் பெருகுவதால் கரு சிதைகிறது. அந்த நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அகற்றும் பண்ணையாளருக்கும் தோலில் உள்ள சிறு கீறலின்வழி நோய் தொற்றலாம். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதோ மிக அரிது.

உயிரணுவுக்குள் பதுங்கியிருக்கும் கிருமியை எட்டுவதற்கு மருந்துக்கும் காலம் தேவை. ஆகவே, பொதுவாக இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சேர்த்து ஆறு வாரம் உட்கொள்ள வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடக்கூடும்.

இது பழங்கதை அன்று. 2011ஆம் ஆண்டுவாக்கில் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்ததால் எழுபதுக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். உடலுக்கு நல்லது என்று கருதி அதைப் பச்சையாகக் குடிப்பவர்கள் இன்றும் உள்ளனர். பாலை 72 பாகை செல்சியசில் 15 விநாடி சூடாக்கினாலே புரூசெல்லா மடிந்துவிடும். வீட்டு அடுப்பில் பொங்கக் காய்ச்சினாலும் போதும். நோயுற்ற ஆடுகளின் நிலைதான் பரிதாபமானது. அவற்றுக்குப் பொதுவாக மருத்துவம் செய்வதில்லை. இரத்தச் சோதனையில் கிருமி உறுதியானால், பார்ப்பதற்கு எவ்வளவு நலமாக இருந்தாலும், அவற்றை மந்தையிலிருந்து பிரித்துக் கொன்றுவிடுகின்றனர்.