உஷார்! ‘ஆட்டோமேட்டிக்’ என்றதும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

டெக்சஸ் பக்கம் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று நிலம் வாங்கி ஆடு, மாடு வளர்க்க இறங்கியிருக்கும் நம்மவர்களே, ஏடிவி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தீவன மூட்டை சுமக்கவும் தண்ணீர் டாங்க் இழுக்கவும் வேலியைச் சுற்றிப் பார்த்து வரவும் அந்த நாலு சக்கர வண்டி அவசியம்தான். ஆனால் கடையில் முதலில் காட்டுவது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் மாடல். கியர் தொல்லை இல்லை, கட்டைவிரலால் அழுத்தினால் போதும் என்பார்கள். அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது!

பொலாரிஸ், கேன்-ஆம், யமஹா என்று பல கம்பெனிகளின் ஆட்டோமேட்டிக் ஏடிவிகளில் இருப்பது சிவிடி. ஊரில் ஆக்டிவா ஓட்டியவர்களுக்குப் பழக்கமான ஏற்பாடுதான்: இரண்டு புல்லி, நடுவே ஒரு ரப்பர் பெல்ட். ஆக்டிவாவின் வேலை ரோட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு ஓடுவது. பண்ணை வண்டியின் வேலையோ பாரத்தை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போவது. பாரத்தோடு ‘ஹை’ ரேஞ்சில் மெதுவாகப் போனால் புல்லி பெல்ட்டை இறுகப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் சூடேறும். ரப்பர் கருகும் வாடை வந்தபோதே பாதி ஆயுள் போயிற்று. பிறகு ஒருநாள் பெல்ட் நார் நாராகப் பிய்ந்து புல்லியில் சுற்றிக்கொள்ளும். வண்டி வயல் நடுவில் நின்றுவிடும். மெதுவாக ஓட்டும்போதும் பாரம் இழுக்கும்போதும் ‘லோ’ ரேஞ்சில் போடச் சொல்லிக் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறோம்?

தண்ணீர் இன்னொரு எமன். ஓடையைக் கடக்கும்போது பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால், எஞ்சின் உறுமும், சக்கரம் நகராது. பழைய சிவிடி மாடல்கள் சிலவற்றில் எஞ்சின் பிரேக்கிங்கும் கிடையாது. சரிவில் ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி தானாக உருளும். பின்னால் ட்ரெய்லர் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

அப்படியென்றால் எதை வாங்குவது? காலால் கியர் மாற்றும் வண்டியை. பயப்பட வேண்டாம், பிடிக்க கிளட்ச் லீவரே இல்லை. கியர் பெடலை மிதிக்கும்போது கிளட்ச் தானே விலகிக்கொள்ளும். 1997-இல் வந்த ஹோண்டா ரீகான் 250 நல்ல உதாரணம்: காற்றில் குளிரும் எஞ்சின், ஐந்து கியர், ஒரு ரிவர்ஸ், பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் டிரைவ். பெல்ட் இல்லை, செயின் இல்லை, ரேடியேட்டர் இல்லை. கெட்டுப்போக இடமே குறைவு. நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் ரேன்ச்சர் 420 பாருங்கள்.

இங்கேயும் ஏமாறாதீர்கள்! ஒரே ரேன்ச்சர், மூன்று விதமாக வருகிறது. மாடல் எண்ணில் ‘எஃப்எம்’ என்றால் கால் கியர். ‘எஃப்இ’ என்றால் பட்டனில் மாறும் எலெக்ட்ரிக் கியர். ‘எஃப்ஏ’ என்றால் ஆட்டோமேட்டிக். ஹோண்டாவின் இந்த ஆட்டோமேட்டிக்கில் பெல்ட் இல்லை, கியர்தான். ஆனால் மோட்டார், சென்சார், கம்ப்யூட்டர் என்று சங்கதி அதிகம். பட்டன் மாடலில் பேட்டரி இறங்கினாலோ சென்சார் மக்கர் செய்தாலோ கியர் விழாது. பக்கத்து மெக்கானிக் முப்பது மைல் தள்ளி இருக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பழைய வண்டியா? இன்னும் உஷார்!

* எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைத்திருக்கலாம்.
* ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. திரும்பி வந்துவிடுங்கள்.
* ரிவர்ஸ் உட்பட எல்லா கியரையும் போட்டு ஓட்டுங்கள்.
* சேஸிஸ் எண்ணும் டைட்டிலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? இல்லையென்றால் திருட்டு வண்டியாக இருக்கலாம்.

எளிய வண்டி என்றாலும் கவனிப்பு வேண்டும். கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே முங்கியிருப்பதால் கார் ஆயிலை ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்று இருக்கிறதா பாருங்கள். புழுதிக் காட்டில் ஏர் ஃபில்டரை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியம். கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும் வண்டி, பிள்ளைகளின் கட்டைவிரலுக்கும் ஓடும். பெரியவர்களுக்கான ஏடிவி 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அல்ல என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது சும்மா இல்லை. எந்த மாடல் வாங்கினாலும் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள், ஒருவர் சீட்டில் இருவர் உட்காராதீர்கள், இறங்கியதும் சாவியைக் கையோடு எடுத்து வந்து பூட்டி வையுங்கள்!