ஒரு ஸ்ட்ரா கேட்ட பாதிரியார்

கொல்லிமலைக்கு பைக்ல போயிருக்கீங்களா? 70 ஹேர்பின் பெண்டையும் எண்ணிக்கிட்டே ஏறி, ஆகாய கங்கையில நனைஞ்சு, அன்னாசிப்பழம் தின்னுட்டு இறங்கியிருப்பீங்க. நாங்களும் அப்படித்தான் போனோம். எங்க செட்ல ஒருத்தனுக்கு மட்டும் அது டூர் இல்லை, சொந்த ஊர். ‘மலையாளி’ பழங்குடி. (கேரளான்னு நினைச்சு ஃபர்ஸ்ட் இயர் முழுக்க அவனைக் கலாய்ச்சோம். பேசுறது நம்ம தமிழ்தான்!)

செம்மேட்டுல டீ குடிக்கும்போது, சாதாரணமா ஒண்ணு சொன்னான். “எங்க ஜனம் வேற மலைகள்லயும் இருக்கு மச்சி. அங்கேர்ந்து ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போறவங்கள்ல பாதிப் பேர் எந்த ஜெயில்ல இருக்காங்கன்னு வீட்டுக்கே தெரியாது.”

ரூமுக்கு வந்து தேடினேன். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் இறந்தது 20 தமிழர்கள். ஜவ்வாது மலை போன்ற இடங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். அதற்கு முன்பு, 2013-ல் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் தமிழ்நாட்டுக் கூலிகள் நூற்றுக்கணக்கில் உள்ளே போனார்கள். 2016-ல் திருப்பதி கோர்ட் விடுதலை செய்தது. நம்ம முழு டிகிரியில பாதி காலம், அந்த வழக்குலயே போயிருக்கு.

இப்படித் தேடும்போதுதான் ஸ்டேன் சுவாமி கிடைத்தார். நம்ம திருச்சி பக்கம் விரகாலூரில் 1937-ல் பிறந்த இயேசு சபைப் பாதிரியார். பாதிரியார்னா பூசை வைப்பார், ஸ்கூல் நடத்துவார்னுதான் நான் நினைச்சிருந்தேன். இவர் ஜார்க்கண்ட் போய் ஆதிவாசிகளோடு தங்கிவிட்டார். ராஞ்சியில் ‘பகைச்சா’ என்ற மையத்தை ஆரம்பித்தார். நக்சலைட் என்று சொல்லி உள்ளே போடப்பட்ட 102 விசாரணைக் கைதிகளைப் பற்றி அங்கிருந்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 97 சதவிகிதம் பேர் தங்கள் மேலான குற்றச்சாட்டு பொய் என்றார்கள். ரிப்போர்ட்டோடு விடவில்லை மனுஷன். விசாரணையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஜார்க்கண்ட் ஹைகோர்ட்டில் பொதுநல வழக்கும் போட்டார். இந்திய ஜெயில்களில் நாலில் மூணு பேர் இன்னும் தீர்ப்பு வராதவர்கள்தான், தெரியுமா?

கடைசியில் அவரே அந்த லிஸ்டில் சேர்ந்தார். 2020 அக்டோபர் 8, பீமா கோரேகான் வழக்கில் என்.ஐ.ஏ. கைது செய்தது. மாவோயிஸ்ட் தொடர்பு என்பது குற்றச்சாட்டு, அவர் மறுத்தார். வயது 83. பார்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. நவம்பரில் கோர்ட்டில் கேட்டது ஒரு ஸ்ட்ராவும் சிப்பரும். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் டைம் கேட்டது. நாடு முழுக்க ஆட்கள் தலோஜா ஜெயிலுக்கு சிப்பர் பார்சல் அனுப்ப ஆரம்பித்தார்கள். சக கைதிகள் ஊட்டிவிட்டு, குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டார்கள். 2021 ஜூலை 5, மும்பை ஹைகோர்ட்டில் அவர் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அதே நாள், ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று டாக்டர் கோர்ட்டுக்குச் சொன்னார்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, இது உங்களுக்கு. ஆர்சனல் கன்சல்டிங் என்கிற அமெரிக்க ஃபாரன்சிக் நிறுவனம், வக்கீல்கள் தரப்புக்காக அவருடைய ஹார்டு டிஸ்க்கை ஆராய்ந்தது. ஹேக்கர் ஒருவர் மால்வேர் வழியாக அதில் ஃபைல்களைத் திணித்திருந்தார் என்று 2022 டிசம்பரில் சொன்னது. செத்த பிறகு!

வெளிநாட்டிலும் இந்த மாதிரி சாமியார்கள் உண்டு. 1982-ல் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு சர்ச், விசா இல்லாத மத்திய அமெரிக்க அகதிகளுக்கு வெளிப்படையாகவே இடம் கொடுத்தது. அந்த போதகருக்கும் கேஸ்தான்.

நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: “எங்க ஆளுங்க லிஸ்ட்டை எடுக்கிறதுக்கு ஒருத்தர் இருக்காராடா?”

இந்த செமஸ்டர் லீவுக்கு அவனோடு மறுபடியும் மலை ஏறுகிறேன். இந்தத் தடவை நோட்டு, பேனா எடுத்துட்டுப் போறோம்.