படகின் அடியில் வரும் விருந்தாளி

கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றங்கரையில் ஒரு படகைக் கரையேற்றும்போது அதன் அடிப்பலகையைப் பாருங்கள். பாசி, அதன்மேல் கையைக் கிழிக்கும் கொட்டலசு, இடுக்கில் கொத்துக் கொத்தாய்ச் சின்னச் சிப்பிகள். கப்பல்களின் அடியிலும் இப்படித்தான். ஆனால் அங்கே ஒட்டிக்கொள்ளும் உயிர்கள் வருவது வேறொரு கண்டத்திலிருந்து!

கரீபியக் கடற்பக்கத்துச் சிப்பி ஒன்று 1967-லேயே விசாகப்பட்டினம் துறைமுகத்தில் தென்பட்டது. இப்போது எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பரவியிருப்பது தென் அமெரிக்கச் சிப்பி. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். கப்பல் வழியாக வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அது ஆற்றுச் சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் மூடிவிடுகிறது. இறால் அந்தச் சேற்றில்தான் பதுங்கும். தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு இப்போது விரலில் தட்டுவது ஓடுதான். வயிற்றில் அடிக்கிற சங்கதி இது.

படகைச் சுரண்டும் கடலூர், பரங்கிப்பேட்டை மீனவ நண்பர்களே, சுரண்டிய கழிவை ஆற்றில் தள்ளாதீர்கள். கரையில் நன்றாகக் காயவிடுங்கள். பழக்கமில்லாத கறுத்த சிப்பி கொத்தாகக் கண்ணில் பட்டால், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். ஒரு கைப்பிடி எடுத்துப்போய்க் காட்டுங்கள்.