அடம்பன் கொடி பூக்கும் கரையிலே

பனிக்காலம் கழிந்ததும் மேலைநாட்டார் காட்டையும் புல்வெளியையும் நாடிச் சென்று, புதிதாய்த் தலைநீட்டும் மலர்களைத் தேடி மகிழ்வர். உறைபனி அறியாத நமக்கும் அத்தகைய மலர் தேடல் உண்டா? உண்டு. வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய்ந்த பின் நம் நிலமும் பூக்கவே செய்கிறது. அதைக் காண்பதற்கெனப் பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாசிக்குடாவுக்குச் சென்றோம்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், கல்குடாவை அடுத்துள்ளது இவ்விடம். ஆழமற்ற அமைதியான கடலில் நீராடவே பலரும் இங்கு வருவர். நாமோ கடலுக்கு முதுகு காட்டி நிலத்தை நோக்கினோம். பூவரசு பூத்திருந்தது. காலையில் மஞ்சளாய் விரியும் அம்மலர், மாலையில் செந்நிறம் கொண்டு வாடும்.

"மணலிலே பூ ஏது?" என்று கேட்டான் இளையவன்.

"உன் காலடியைப் பார், தம்பி" என்றோம்.

ஊதா கலந்த இளஞ்சிவப்புப் புனல்களாய் அடம்பன் பூக்கள் மணலெங்கும் விரிந்திருந்தன! அதன் இலை நுனியில் பிளவுபட்டது. சங்கப் புலவர் அதனை மானின் அடிக்கு ஒப்பிட்டனர்; மேலைநாட்டுத் தாவரவியலாரோ ஆட்டின் பாதம் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களுள் இதுவும் ஒன்று. அங்கே இதன் பெயர் அடும்பு.

பூ ஒன்றைப் பறிக்க முனைந்த சிறுவன் கொடியையே பற்றி இழுத்தான். தடுத்தோம். கணுத்தோறும் வேர்விட்டு மணலைப் பிணித்திருக்கும் கொடி அது. அதன் வித்து கடலில் மிதந்து சென்று வேறு கரைகளிலும் முளைக்கும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கரை இது. அத்தகைய பேரலையைக் கொடி தடுத்துவிடாது. எனினும் அன்றாடக் காற்று மணலை வாரிக்கொண்டு போகாமல் காப்பதில் இதற்கும், அருகே முள்முள்ளாய்ப் படரும் இராவணன் மீசைக்கும் பெரும் பங்குண்டு. கடற்கரையை அழகுபடுத்துவதாக எண்ணி இவற்றைக் களைந்தால், மணலின் கட்டு தளர்ந்துவிடும்.

நண்பகலில் திரும்பி வருகையில் பூக்கள் வாடியிருந்தன. கொடி மட்டும் பசுமையாய்க் கிடந்தது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் முதுமொழி. அதன் பொருள் பிள்ளைகளுக்கு அன்று கண்கூடாயிற்று.

மாணவர்களே, நீங்களும் மலர் தேடப் புறப்படுங்கள். கண்ட பூவின் பெயரையும் இடத்தையும் மாதத்தையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிடில் வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். பூவை மட்டும் கொடியிலேயே விட்டு வாருங்கள்.